முறை வைத்து வாங்கிய அபராதம்

மோட்டார் இன்ஷூரன்ஸ் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துவிடுகிறீர்கள். விபத்தும் கேஸும் இல்லாமல் வருஷத்தை ஓட்டியவருக்குத் தள்ளுபடி. தன் தப்பால் இடித்தவருக்குக் கூடுதல் பிரீமியம். போலீஸ் கேஸில் அபராதம் கட்டியவராக இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அபராதம் அடுக்கடுக்காகக் கிடந்தால் அந்த வண்டியே வேண்டாம் என்று கைகழுவிவிடலாம். கேட்க எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது! நானும் இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் கொடைக்கானல் மலை ஏறினேன். ஏறிய கொஞ்ச நாளிலேயே தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. மலைப்பாதை வளைவுகளால் வந்த சுற்றல் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு எலுமிச்சம்பழம் இருக்கிறது. இதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. மோட்டார் இன்ஷூரன்ஸ் எல்லாம் அப்போது தனியார் கையில் இருந்தது. எங்கள் கம்பெனியின் மதுரைக் கிளை என்னை மலைப்பகுதிக்கு இன்ஸ்பெக்டர் என்று அனுப்பியது. அனுபவம் இல்லாதவனை மலைக்கு அனுப்புவது அந்தக் காலத்து வழக்கம். குளிரில் வைத்தால் கெட்டுப்போக மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ. கோடை சீசன் தொடங்குவதற்குள் டாக்சி ஸ்டாண்டில் உள்ள வண்டிகளின் பாலிசிகளைப் புதுப்பித்துவிடுவதுதான் என் முக்கியமான வேலை. இன்ஷூரன்ஸ் இல்லாமல் டாக்சி ரோட்டில் ஓடக் கூடாது. சீசனில் ஓடாத டாக்சிக்காரருக்கு மிச்ச வருஷம் முழுக்க அடுப்பு எரியாது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

என் குழப்பம் பெரும்பாறைப் பக்கத்து எஸ்டேட் முதலாளி ஒருவரிடமிருந்து தொடங்கியது. அவர் கார் ஓட்டும் லட்சணத்தை அந்தப் பக்கத்து ஆடுமாடுகளைக் கேட்டால் தெரியும். எதையாவது இடிப்பார், இறங்கிச் சிரித்துவிட்டுக் கைப்பணத்தைக் கொடுத்து முடித்துவிடுவார். எங்களிடம் ஒரு பைசா கேட்டதில்லை, கோர்ட் வாசலை மிதித்ததில்லை. ஆகவே எங்கள் அட்டவணைப்படி அவர் தங்கமான ஓட்டுநர். வருஷா வருஷம் தள்ளுபடி கொடுத்தோம். அந்த வருஷம் அதை என் கையாலேயே எழுதியபோது வயிறு எரிந்தது. ஆனால் எந்த விதியைக் காட்டி நிறுத்துவது?

அந்த வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் குழந்தைவேலு வந்தார்.

குழந்தைவேலு பேத்துப்பாறைக்காரர். பூண்டு போட்டுப் பிழைத்த குடும்பம். நல்ல விலை கிடைத்த ஒரு வருஷத்தில் பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி டாக்சியாக்கிவிட்டார். வண்டி அவருடையது, ஓட்டுவதும் அவர்தான். அந்தக் காருக்கு அவர் செய்த உபசாரத்தைப் பெற்ற பிள்ளைக்குக்கூடச் செய்திருக்க மாட்டார். பாலிசி முடியச் சில நாட்களே இருந்தபோது, நான் தங்கியிருந்த அறைக்கு வெள்ளனே வந்து நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கம்பியில் கோத்த சீட்டுக் கத்தையை என் முன்னால் வைத்தார். எல்லாம் அபராதம் கட்டிய ரசீதுகள். விளக்கு எரியவில்லை, ஆள் அதிகம், ஹாரன் சரியில்லை என்று வகைவகையாக இருந்தன.

"என்ன இது?" என்றேன்.

"நல்ல டிரைவருக்குத் தள்ளுபடி உண்டுன்னு ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க சார். அதான் அத்தாச்சி கொண்டாந்திருக்கேன். பாருங்க, ஒரு கேசைக்கூட இழுத்தடிச்சதில்லை. வாய்தா வாங்கினதில்லை. கூப்பிட்ட அன்னைக்கே போயி, ஆமா சாமி தப்புத்தான்னு ஒப்புக்கிட்டு, கையோட கட்டிட்டு வந்துருவேன்."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. பரிசு வாங்க வந்தவர் போல நின்றார். நான் என்ன சொல்வேன்? இந்தக் கத்தை ஒன்றே போதும், கம்பெனி உம்மை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடும் என்று எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு, போன மழைக்காலத்தில் வண்டியை மலைச்சுவரில் உரசி, ரேடியேட்டரை உடைத்து, எங்களிடம் பணமும் வாங்கியிருந்தார். அதற்கும் கவனக்குறைவு என்று கேஸ். அதிலும் ஒப்புதல், அபராதம், கம்பியில் ஒரு சீட்டு.

"குழந்தைவேலு, அந்த விபத்து உண்மையில் யார் தப்பு?"

"அது எனக்கே வெளங்கலைங்க சார்," என்றார். "மேலேருந்து பஸ்சு வந்துச்சு. நான் ஒதுங்குனேன். சுவரு கெடக்கு, உரசிருச்சு. பஸ்காரர் பார்த்தாரோ பார்க்கலையோ, போயிட்டாரு. கோர்ட்டுல கேட்டாங்க. யாராச்சும் ஒருத்தரு ஒப்புக்கிட்டாத்தானே சோலி முடியும்?"

மலை ரோட்டின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டிதான் நின்று வழிவிட வேண்டும். அப்படிப் பார்த்தால் தப்பு பஸ்காரர் மேல். ஆனால் காகிதத்தில் பஸ்ஸே இல்லை. குழந்தைவேலுவும் சுவரும் மட்டும்தான் இருந்தார்கள். சுவர் மேல் யாரும் கேஸ் போட முடியாது.

அந்த விபத்தின்போது வண்டியில் இருந்தவர்கள் பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த ஒரு கணவன் மனைவி. வேறு வேலையாகப் பழனிக்குப் போனபோது அவர்கள் கடையைத் தேடிப் பிடித்தேன். குழந்தைவேலுவின் பெயரை நான் சொன்னதுமே கடைக்காரர் மலைக்கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"அந்தத் தம்பி மட்டும் வெரசா ஒடிக்கலைன்னா நாங்க பள்ளத்துல கெடந்திருப்போம் சார். உசுரைக் காப்பாத்துன மனுசன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். "காப்பாத்துனது சரிதேன். அதுக்கு மின்னாடி அந்தத் தம்பி ரோட்டைப் பார்த்துச்சா? இவுக எத்தனை பிள்ளைங்கப்பான்னு கேட்டாக. அது திரும்பி இவுக மூஞ்சியைப் பார்த்துப் பேசிக்கிட்டே வந்துச்சு. நான்தேன் ஐயோன்னு கத்துனேன்."

"நீ கத்துனதுலதான் அது பயந்துபோயி உரசுச்சு," என்றார் கடைக்காரர்.

அந்த இடத்தில் நான் எழுந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அந்த அம்மா மேலேயே கூடுதல் பிரீமியம் போட வேண்டி வந்திருக்கும்.

மலைக்குத் திரும்பியதும் நேரே ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே சின்னராசு என்று ஒரு டிரைவர். ஸ்டாண்டில் யாருக்கு முதல் சவாரி, யாருக்கு அடுத்தது என்பதையெல்லாம் அவர்தான் பார்த்துக்கொள்வார். அவர் பெயரில் ஒரு கேஸும் கிடையாது, தள்ளுபடி வாங்கிக்கொண்டிருந்தவர். அவரிடம் கேட்டேன். "ஒரே ரோட்டில்தான் எல்லோரும் ஓட்டுகிறீர்கள். குழந்தைவேலுவுக்கு மட்டும் ஏன் இத்தனை அபராதம்?"

சின்னராசு என்னை விநோதமாகப் பார்த்தார், மழை ஏன் மேலிருந்து பெய்கிறது என்று நான் கேட்டுவிட்டது போல.

"அது முறைக் கேசுங்க சார்."

விஷயம் இதுதான். மலைப்பாதையில் ஒரு போலீஸ் அவுட்போஸ்ட். எது என்று சொல்ல மாட்டேன், கேட்காதீர்கள். அங்கே மாதாமாதம் சில கேஸ்களாவது காட்டியாக வேண்டும். முன்பெல்லாம் சவாரி நேரத்தில் கண்ட வண்டியை நிறுத்துவார்கள். டாக்சிக்காரருக்குச் சவாரி போகும், வந்த பயணிக்கு எரிச்சல், போலீஸ்காரருக்கும் வாய்ச்சண்டை. எல்லோரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேல்மலைக் கிராமங்களில் ஓடைத் தண்ணீரை முறை வைத்துத்தானே வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்? இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல். அப்படியே கேஸையும் முறை வைத்துவிட்டார்கள். இந்த மாதம் உன் பெயர், அடுத்த மாதம் என் பெயர். விளக்கு நன்றாகவே எரியும், எரியவில்லை என்று ஒப்புக்கொண்டு வருவார்கள். தண்ணீரும் அபராதமும் ஒன்றா என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நியாயமாகப் பங்கிட்டோம், சண்டை இல்லை, அவ்வளவுதான்.

"சரி, முறை என்றால் எல்லோருக்கும் சமமாகத்தானே வர வேண்டும்? உம் பெயரில் ஒன்றுகூட இல்லையே?"

சின்னராசு காதைச் சொறிந்தார். "எம் முறையப்போ மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போயிட்டேன். குழந்தவேலுதான் வந்து, 'நான் பார்த்துக்கிடுறேன் அண்ணே'ன்னான். அப்புறம் ஒருத்தன் சம்சாரத்துக்குப் பிரசவம். இன்னொருத்தன் புதுசா வந்தவன், பயந்தான். எல்லாத்துக்கும் அவன்தான் போனான். கோர்ட்டுல அவனுக்குப் பழகிப்போச்சுங்க சார், வணக்கம் வச்சுட்டு வந்துருவான்."

அன்று ராத்திரி மதுரைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். யோசித்துப் பாருங்கள். ஸ்டாண்டிலேயே எல்லோருக்கும் ஓடி ஓடி உதவியவரின் கணக்குதான் மலையிலேயே மோசமான கணக்கு. உதவி வாங்கியவர்கள் எல்லாம் சுத்தமானவர்கள், தள்ளுபடிக்காரர்கள். இதை நான் மதுரைக்கு எழுதாவிட்டால் குழந்தைவேலுவின் வண்டி சீசனில் படுத்துவிடும். எழுதினால், மொத்த ஸ்டாண்டும் பொய்யாக ஒப்புக்கொள்கிற கூட்டம் என்று கம்பெனி எல்லா வண்டிகளையும் தள்ளிவிடலாம். அவருக்காக அத்தனை பேரையும் காட்டிக்கொடுப்பதா? அத்தனை பேருக்காக அவரைக் கைவிடுவதா? சரி, அபராதத்தை விடுங்கள், அவர் ரோட்டைப் பார்க்காமல் திரும்பினார் என்று அந்த அம்மா சொன்னாரே, அதை என்ன செய்வது? நல்லவர் என்பதற்காக நான் மறந்துவிடலாமா? அழுகையே வந்துவிட்டது எனக்கு, வெட்கப்படாமல் சொல்கிறேன்.

கடைசியில் தெரிந்ததையெல்லாம் தெரிந்தபடியே எழுதி, எனக்கு ஒன்றும் புரியவில்லை என்பதையும் கடைசி வரியாகச் சேர்த்து அனுப்பினேன். கிளை மேனேஜரிடமிருந்து தந்தி வந்தது. "நான் வருகிறேன். அந்த வண்டியையே ஸ்டேஷனுக்கு அனுப்பு."

மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூக்குப்பொடி போடும் மனிதர், அதிகம் பேச மாட்டார், கோபம் மட்டும் தாராளம். உடைந்த வண்டியைப் பார்த்துவிட்டு நான் நீளமாக எழுதினால் கிழித்துப் போடுவார். "உடைஞ்சதை யார் வேணும்னாலும் பார்க்கலாம்யா, உடையறதுக்கு முந்தின நிமிஷத்தைப் பாரு," என்பார். அந்த நிமிஷத்தை எங்கே போய்ப் பார்ப்பது என்று மட்டும் சொன்னதில்லை.

மலையடிவாரத்தில் கொடைக்கானல் ரோடு ரயில்வே ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது நானும் குழந்தைவேலுவும் காத்திருந்தோம். அவர் பின் சீட்டில் ஏறினார். நான் முன்னால் டிரைவர் பக்கத்தில். பாலிசிக்கு அன்றுதான் கடைசி நாள். குழந்தைவேலுவுக்கு அது தெரியும். பாதி மலை ஏறும்வரை ஒருவரும் பேசவில்லை. பங்குனி மாதம்தான், ஆனாலும் அன்று பிற்பகலில் மேகம் இறங்கி ரோடு மங்கலாகிக்கொண்டிருந்தது. வண்டியை அவர் நிதானமாகத்தான் ஓட்டினார். எனக்கு மனசு கொஞ்சம் லேசாகிக்கொண்டு வந்தது.

அப்போது பின்னாலிருந்து மேனேஜர் கேட்டார். "ஏன்யா, ஊரார் அபராதத்தையெல்லாம் நீ எதுக்குய்யா கட்டினே?"

"அதுங்களா சார்," என்று குழந்தைவேலு திரும்பினார். லேசாக அல்ல, தோளோடு திரும்பி, மேனேஜர் முகத்தைப் பார்த்து, புன்னகையோடு. நான் வாயைத் திறப்பதற்குள் வளைவில் பஸ் வந்துவிட்டது. ஹாரன் இல்லை. நிற்கவும் இல்லை. குழந்தைவேலு ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தார். மலைப்பாறையில் மட்கார்டு கிழிபட்ட சத்தம் என் பல்லில் கூசியது. விளக்குக் கண்ணாடி நொறுங்கியது. பஸ் மேகத்துக்குள் போய் மறைந்தது.

இறங்கினோம். சக்கரத்துக்குக் கல் வைத்தோம். யாருக்கும் காயம் இல்லை. குழந்தைவேலு நசுங்கிய மட்கார்டைத் தடவிக்கொண்டு நின்றார். சீசன் போச்சு என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார். "பார்த்தேல்ல? யார் தப்பு?"

"பஸ் நின்றிருக்க வேண்டும் சார். ஹாரனும் அடிக்கவில்லை. ஆனால் இவரும் ரோட்டைப் பார்க்கவில்லை."

"பார்த்திருந்தா?"

"பார்த்திருந்தாலும் பாறைப் பக்கம்தான் ஒதுங்கியிருப்பார். வேறு இடம் இல்லை. கொஞ்சம் முன்னாலேயே ஒதுங்கியிருந்தால் உரசாமல் நின்றிருக்கலாம். அப்போதும் உரசியிருக்கலாம்."

"நான் கேட்காம இருந்திருந்தா?"

வேலையில் நீடிக்க விரும்புகிறவன் பதில் சொல்லும் கேள்வியா அது?

அவர் குழந்தைவேலுவைக் கூப்பிட்டார். "எதுக்குய்யா திரும்பினே? வாய்தானே பேசுது, கழுத்து எதுக்குத் திரும்பணும்?"

குழந்தைவேலுவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பெரியவங்க கேக்கையில முதுகைக் காட்டிக்கிட்டுப் பதில் சொன்னா நல்லாருக்குங்களா சார்?"

மேனேஜர் பொடி டப்பாவைத் திறந்தார். திறந்தவர் போடாமலே மூடினார். என்னை மறுபடியும் ஓரமாக அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "யார் தப்புன்னு முன்னால உட்கார்ந்திருந்த உனக்கும் தெரியலை, பின்னால இருந்த எனக்கும் தெரியலை. ஆனா திரும்பினான். அதை ரெண்டு பேருமே பார்த்தோம். பார்த்ததுக்குப் போடு. விபத்துக்கான கூடுதல் அவன் தலையில, அதுல இரக்கம் கிடையாது. முறைக் கேஸ் எதையும் எண்ணாதே. யார் கணக்கும் அவனவன் கணக்கில்லை. அதனால இந்த வருஷம் அந்த ஸ்டாண்டுல ஒருத்தனுக்கும் தள்ளுபடி கிடையாது. இந்த வண்டி உள்பட எல்லா வண்டியையும் புதுப்பிச்சுரு. அடுத்த வருஷம் முறைக் கேஸ்னு ஒரு சீட்டைப் பார்த்தேன், மொத்த ஸ்டாண்டையும் மூடிடுவேன்னு சொல்லு."

எனக்கு உயிர் வந்தது. உடனே குழந்தைவேலுவிடம் சொல்ல ஓடினேன். மேனேஜர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "இப்பச் சொல்லாதே. ஊர் போய்ச் சேரட்டும். சந்தோஷத்துல இன்னொரு தரம் திரும்பித் தொலைப்பான்."

மறுபடி வண்டியில் ஏறினோம். குழந்தைவேலு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். இரண்டொரு தரம் "சார்" என்று ஆரம்பித்தார். "ரோட்டைப் பாரு!" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். நல்ல செய்தியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, அது தெரியாமல் ஒருவர் கலங்குவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று அன்றுதான் தெரிந்தது.

ஸ்டாண்டில் வண்டி நின்று, இன்ஜின் அணைந்த பிறகுதான் மேனேஜர் வாயைத் திறந்தார். சின்னராசுவும் மற்ற டிரைவர்களும் நசுங்கிய வண்டியைப் பார்த்துக் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் கேட்கும்படி முடிவைச் சொன்னார்.

குழந்தைவேலு சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகம் சுருங்கிவிட்டது. "அப்ப இவங்களுக்கெல்லாம் தள்ளுபடி போயிருமேங்க? வேணாம் சார். அந்தச் சீட்டெல்லாம் எம்மேலயே கெடக்கட்டும். எனக்கே போட்டுருங்க, நான் ஒப்புக்கிடுறேன்."

மேனேஜருக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் அவர் திட்டத் தொடங்குவதற்கு முன்னால் சின்னராசு முந்திக்கொண்டார்.

"ஏலே குழந்தவேலு, வாயை மூடுறியா! எங்க முறையெல்லாம் நீ தூக்கிட்டுப் போனப்ப நாங்க ஒருத்தனாச்சும் வேணாம்னு சொன்னமா? வாங்கித் தின்னுட்டுத்தானே இருந்தோம்? சார், எங்களுக்குத் தள்ளுபடி வேணாம். நீங்க சொன்னபடி எழுதுங்க."

பின்னாலிருந்தவர்களில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர் தன் வண்டி டயரை ஓங்கி உதைத்தார். ஆனால் மாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

அங்கேயே, இன்னும் சூடு ஆறாத பானெட்டின் மேல் வைத்துக் கவர் நோட்டை எழுதினேன். பாலிசி கைக்கு வரும்வரை வண்டி ஓட அதுதான் அனுமதி. மேனேஜர் கையெழுத்துப் போட்டார். குழந்தைவேலு அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார். "சார், கடைசியில நான் நல்ல டிரைவருங்களா, மோசமான டிரைவருங்களா? இதுல என்னன்னு போட்டிருக்கீங்க?"

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தனை வருஷம் இந்தத் தொழிலில் ஊறியவருக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கு உங்களில் ஒருவர் எழுந்து கேட்டாலும் என்னிடம் பதில் இல்லை.

"நாளைக்கு வண்டி ஓட்டலாம்னு போட்டிருக்கு," என்றேன்.

அவர் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. கவர் நோட்டைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு, நசுங்கிய மட்கார்டைத் துடைக்கப் போனார்.